பெட்டிக்குள் எது, பரணில் எது?

தஞ்சை வட்டாரக் கிராமத்தில் அன்று கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் ஒரு சாய்வுப் பெட்டி இருக்கும். நடப்புப் பசலியின் அடங்கல் அதில் மேலாக இருக்கும். அ பதிவேடும் சிட்டாவும் கூடத்து அலமாரியில். பழைய செட்டில்மென்ட் கணக்கு துணியில் கட்டிப் பரணில். எந்தப் புல எண்ணில் குறுவை, எதில் சம்பா என்று நாளைக்கு நாலு பேர் வந்து கேட்பார்கள். பரண் மூட்டையை வருஷத்துக்கு ஒருவர் கேட்டால் அதிகம். பெட்டியோ சிறியது. அதில் எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் மனுஷரின் சாமர்த்தியம். பாதிக் கணக்கு அவர் தலையிலேயே இருந்தது. வாய்க்காலுக்கு வடக்கே நாலு மா யாருடையது என்றால் ஏட்டைத் திறக்காமலே சொல்வார்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு, கணக்குப்பிள்ளை உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஒரே குடும்பங்களிடம் தங்கிக் கிடந்த அதிகாரம் போனது நல்லதுதான். ஆனால் மாற்றலாகி வருகிறவருக்கு ஊர் புதிது. கொஞ்ச காலம் எல்லாவற்றுக்கும் ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

தரவுத்தளத்தோடு மல்லாடுகிறவர்களுக்கு இவ்வளவும் பழகிய கதை. வட்டு பரண், நினைவகம் பெட்டி. அட்டவணை வட்டில் கிடக்கும்; கேட்ட பக்கங்கள் மட்டும் நினைவகத்துக்கு ஏறும். இடம் நிறைந்தால் வெகுநேரம் யாரும் தொடாத பக்கம் வெளியே போகும்.

தொண்ணூறுகளில் இந்தத் தேர்வை இயந்திரத்திடம் விட ஆட்களுக்கு மனம் வரவில்லை. மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் 'பின்டேபிள்' என்றொரு கட்டளை, அட்டவணையை நினைவகத்தில் ஆணியடித்து வைத்தது. ஆரக்கிள் 8 'கீப்' என்று தனித் தொட்டியே கட்டிக் கொடுத்தது. பெரிய அட்டவணை ஒன்றை ஆணியடித்துவிட்டால் மற்றவற்றுக்கு இடமில்லாமல் சர்வரே திணறும். 2005 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டளையைப் பெயருக்கு மட்டும் விட்டுவைத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டது. ஆரக்கிளின் 'கீப்' இன்னும் இருக்கிறது.

கிராமக் கணக்குகளின் வருடாந்தரத் தணிக்கையான ஜமாபந்தி வந்தால் எல்லா ஏடும் கீழே இறங்கும். அத்தனையையும் பெட்டிக்குள் திணித்தால் அன்றாட அடங்கல் அடியில் போய்விடும். விவரமான கணக்குப்பிள்ளை அவற்றைத் திண்ணையின் மறுகோடியில் அடுக்குவார். வருடாந்தர அறிக்கைக்காக ஓர் அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும் வினவலும் இதே அட்டகாசத்தைத்தான் செய்யும். மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி என்ன செய்கிறது? புதிதாகப் படித்த பக்கத்தை வரிசையின் தலைமாட்டில் வைப்பதில்லை. வால் பக்கத்து எட்டில் மூன்று பங்கின் முனையில் வைக்கிறது. வந்து ஒரு விநாடி கழிந்த பிறகு யாராவது மறுபடி தொட்டால்தான் முன்னே ஏறும். ஒருமுறை எட்டிப் பார்த்தவை கொல்லைப்புறமாகவே போய்விடும். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணையின் மறுகோடிதான் ஞாபகம் வந்தது.

மாற்றலில் வந்தவரின் சங்கடத்துக்கும் வைத்தியம் உண்டு. மைஎஸ்கியூஎல் 5.7 முதல், சர்வர் அணையும்போது நினைவகத்தில் கடைசியாகப் புழங்கிய கால் பங்குப் பக்கங்களின் பட்டியலை எழுதிவைத்து, எழுந்ததும் அவற்றை ஏற்றிக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 9.4 பதிப்பில், நாம் சொல்லும் அட்டவணையை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றும் 'பிஜி பிரிவார்ம்' வந்தது.

இன்று பட்டா பார்க்கத் திண்ணை வேண்டாம். கைப்பேசியில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்று தட்டினால் போதும். சம்பா அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோகிறவர்களுக்குச் சிட்டாவும் அடங்கலும் வேண்டும். அப்போது கேட்பவர்கள் கூடுவார்கள். இப்படியொரு சேவைக்குப் பின்னால் எந்தத் தரவுத்தளம் இருந்தாலும், கிராமப் பட்டியல் மாதிரியான சின்ன அட்டவணைகளை வருகிறவர் எல்லாரும் தொடுவதால் அவை ஆணியில்லாமலே நினைவகத்தில் நிற்கும். ஆள் உட்கார்ந்து அட்டவணை பொறுக்குவது இப்போது பெரும்பாலும் வீண் வேலை என்பது என் கட்சி.

பெட்டியின் அளவுதான் இன்னும் நம் கையில் இருக்கிறது. யாரும் மாற்றாவிட்டால் இன்னோடிபி எடுத்துக்கொள்வது 128 எம்பி. தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய இயந்திரத்தில் நினைவகத்தின் 80 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். 32 ஜிபி வாங்கிப் போட்டுவிட்டு அந்த 128-ஐத் தொடாமல் விட்டிருந்த சர்வரை நானே பார்த்திருக்கிறேன். உங்களுடையது எவ்வளவு என்று இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.