திண்டுக்கல் மலை வளரவில்லை... ஊர்தான் இறங்கியது!

பஸ்ஸில் வந்தாலும் ரயிலில் வந்தாலும், திண்டுக்கல்லில் முதலில் கண்ணில் படுவது அந்த ஒற்றைப் பாறை மலைதான். திண்டு போலக் கல் இருப்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அதன் உச்சியில், 1605-ல் மதுரை நாயக்கர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. பின்னாளில் ஹைதர் அலி, திப்பு சுல்தான், ஆங்கிலேயர் என்று அது கைமாறியது. கோட்டைக்கு வயது நானூறைத் தாண்டிவிட்டது. பாறைக்கு?

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா, இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக இணைந்தன. அப்போது இந்தப் பகுதியின் பாறைகள், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகின.

ஆழத்தில் இருந்தது வெளியே தெரிவது எப்படி? மேலே இருந்த பாறைகளை மழையும் வெயிலும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்த்துவிட்டன. விரிசல் அதிகமுள்ள பாறை சீக்கிரம் சிதைந்து சமவெளியானது. விரிசல் குறைந்த பாறை மலையாக நின்றுவிட்டது.

அந்த வேலை இன்றும் நடக்கிறது. மேலிருந்த சுமை நீங்கியதாலும், வெயிலில் சூடாகி இரவில் குளிர்வதாலும், இத்தகைய பாறைகளின் மேற்பரப்பு வெங்காயத்தோல் போல உரிகிறது. விரிசலில் இறங்கும் அரச மர வேர் அதை அகலமாக்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கலந்த மழைநீர் லேசான அமிலமாகி, பாறையின் தாதுக்களைக் களிமண்ணாக்குகிறது. பாறையிலுள்ள இரும்பு துருப்பிடிக்கிறது. அந்தத் துருதான் செம்மண்ணின் சிவப்பு!

இதில் நமக்கு என்ன? தண்ணீரே இதில்தான் இருக்கிறது. சிதைந்த பாறை அடுக்கு பஞ்சு போல மழைநீரைப் பிடித்து வைக்கிறது. அதற்குக் கீழே விரிசல்களில் மட்டுமே தண்ணீர். அதனால்தான் ஒருவர் தோட்டத்து போர்வெல்லில் நீர் பொங்க, பக்கத்துத் தோட்டத்தில் வெறும் புழுதி பறக்கிறது.

ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். உழுத நிலம் வெறுமையாகக் கிடந்தால், சில கனமழைகளே அதை அடித்துக்கொண்டு போய்விடும். வயலும் வளம் இழக்கும், கண்மாயும் மேடாகும்.

வரப்பை உயர்த்துவதும், கண்மாய் வண்டலை அள்ளி வயலில் போடுவதும் நம் முன்னோர் கண்ட வழி. மலையிலிருந்து இறங்கிய மண்ணை நிலத்திலேயே நிறுத்த, இன்றைக்கும் அது கைகொடுக்கும்.