மந்தை ஓட்டுவதில் குதிரையும் மோட்டாரும்

மாலையில் நாலு மாடுகளைக் கொட்டிலுக்கு ஓட்டி வருவது நம் வாசகர்களுக்குப் பழகிய வேலை. ஆனால் எல்லை காணாத புல்வெளியில் ஆயிரக்கணக்கில் சிதறி மேயும் மாடுகளைத் திரட்டுவது எங்ஙனம்? தென் ஆஸ்திரேலியாவிலுள்ள அன்னா கிரீக் என்னும் பண்ணை ஒன்றே 15,000 சதுரக் கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. இத்தகைய பண்ணைகளில் குதிரையும் நாயும் செய்துவந்த வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்ட வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் மாட்டின் இயல்பை அறிதல் வேண்டும். அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், நேர் பின்புறம் ஒழிய ஏறக்குறைய எல்லாப் பக்கமும் அதற்குத் தெரியும். அந்நியர் குறிப்பிட்ட எல்லைக்குள் நெருங்கினால் அது விலகி நடக்கும். தோளுக்குப் பின்னிருந்து நெருங்கினால் முன்னே செல்லும். தோளுக்கு முன்னிருந்து நெருங்கினால் பின்வாங்கும். நெருங்கியவர் சற்றே விலகினால் அமைதியுறும். நெருங்குவதும் விலகுவதுமே மந்தை ஓட்டும் கலையாம்.

பழகிய குதிரை இதனைத் தானே உணர்ந்து நடக்கும். நாயும் அவ்வாறே. 1840-களில் நியூ சவுத் வேல்ஸில் தாமஸ் ஹால் என்பவர், இங்கிலாந்தின் மாடோட்டும் நாயையும் டிங்கோ என்னும் காட்டு நாயையும் கலந்து ஓர் இனத்தை உருவாக்கினார். அதன் வழிவந்த நாய்கள், முரண்டு பிடிக்கும் மாட்டின் குதிகாலைக் கவ்வி நகர்த்துபவை.

மோட்டாரின் பயனையும் நாம் மறுப்பதற்கில்லை. குதிரை வீரர் பல நாள் அலைந்து திரட்டும் மந்தையை ஹெலிகாப்டர் சில மணி நேரத்தில் திரட்டிவிடும். வேலையில்லாத மாதங்களில் அதற்குத் தீவனமும் வேண்டா. எனினும் இரைச்சலுக்கு அஞ்சி வெயிலில் ஓடும் மாடு எடை குறைகிறது. கன்றுகள் தாயைப் பிரிகின்றன. களைத்து மிரண்ட மாட்டின் இறைச்சி கறுத்து விலை இழக்கிறது. நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் கவிழ்ந்து உயிரிழந்த பண்ணையாளர் பலர். ஆதலின் 2021 அக்டோபர் முதல், பண்ணை வேலைக்கென அங்கு விற்கப்படும் புதிய வண்டிகளில் கவிழ்வுக் காப்புச் சட்டம் பொருத்துவது கட்டாயமாயிற்று.

நிற்க, இன்னொரு கணக்கும் உண்டு. வட ஆஸ்திரேலியாவின் குதிரை வீரர்களுள் பெரும்பாலோர் அந்நாட்டின் ஆதிகுடிகள். நீர்நிலைகளையும் தடங்களையும் நன்கறிந்த அவர்கள், அற்பக் கூலிக்கும் வெறும் உணவுப் பொருளுக்கும் உழைத்து வந்தனர். 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேவ் ஹில் பண்ணைத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். சம ஊதியம் வழங்கவேண்டும் என்ற தீர்ப்பு 1968 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அக்கூலியைக் கொடுக்க மனமில்லாத முதலாளிகள் பலர் ஆட்களைக் குறைத்தனர். ஹெலிகாப்டரும் லாரியும் அவர்களுடைய இடத்தை நிரப்பின. நியாயமான கூலி கிடைத்த வேளையில் வேலையே பறிபோயிற்று.

இன்று பல பண்ணைகளில் இரண்டும் கலந்தே வழங்குகின்றன. தொலைவிலிருந்து மந்தையைத் திரட்ட ஹெலிகாப்டர். பட்டிக்குள் அமைதியாகச் செலுத்தக் குதிரையும் நாயும். இதுவே தக்க வழியென்பது நம் கருத்து. எந்தக் கருவியை வாங்குமுன்னும் எரிபொருட் செலவோடு கணக்கை முடித்துவிடலாகாது. பிராணிக்கு நேரும் துன்பத்தையும், தொழிலாளி இழக்கும் பிழைப்பையும் அதே ஏட்டில் எழுதிப் பார்த்தல் வேண்டும்.