விழுகிற இடத்தில் மணல்

மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 95 செ.மீ. அந்த உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கச் சொல்வதுதான் 'அர்பன்95' திட்டம். நெதர்லாந்தின் பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளையுடன் சேர்ந்து புனே மாநகராட்சி இதில் இறங்கியது. சின்னக் குழந்தைகளுக்கு ஏற்ற பூங்கா என்றதும் சறுக்கு மரமும் ஊஞ்சலும்தான் நம் கண்ணில் படும். அடியில் இருக்கும் தரையை யாரும் கவனிப்பதில்லை. விழும் குழந்தைக்கு அதுதான் காப்பு.

2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 22 கி.மீ. அந்த வேகம் அடங்கத் தரை 1 செ.மீ. மட்டும் இடம் கொடுத்தால், உடலில் இறங்கும் அதிர்ச்சி சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 200 மடங்கு. 20 செ.மீ. கொடுத்தால் 10 மடங்குதான். பேவர் பிளாக் கல் பதித்த தரை இம்மியும் இளகாது.

டொரன்டோ பள்ளிகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கருங்கல் மணலில் விழுந்தவர்களைவிட, மரநார் பரப்பிய தரையில் விழுந்தவர்களுக்குக் கை எலும்பு முறியும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு இருந்தது. விழும்போது குழந்தை கையைத்தான் முதலில் ஊன்றும். மணலில் கை வழுக்கி நகர்ந்துவிடும். நாரில் கை சிக்கிக்கொள்ளும். இவை ஆய்வாளர்களின் ஊகம். மரநார்தான் நல்லது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் மணலைக் கொட்டிவிட்டுப் போக முடியாது. புனே வட்டாரத்தில் கரிசல் மண் உள்ள இடங்கள் நிறைய. கோடையில் வெடித்து இறுகும். ஜூன் மழை தொடங்கினால் தண்ணீரை விடாது. அதன்மேல் நேராகக் கொட்டிய மணல் ஊறி, அமுங்கி, கெட்டியாகிவிடும். அடியில் ஜல்லி பரப்பி, நீர் வடிய வழி செய்த பிறகே மணல் போட வேண்டும். போட்ட பிறகும் ஊஞ்சலுக்கு நேர் கீழே பாருங்கள்: கால்கள் உரசி உரசி மணல் விலகி, கட்டாந்தரை தெரியும். குழந்தை விழக்கூடிய இடமும் அதுதான். வாரம் ஒருமுறை கிளறி நிரவ ஓர் ஆள் வேண்டும்; திட்டச் செலவில் அவர் சம்பளத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அமெரிக்காவின் விளையாட்டிடப் பாதுகாப்பு வழிகாட்டியின்படி 23 செ.மீ. ஆழ மணல் சுமார் 1.2 மீட்டர் உயர வீழ்ச்சிக்குத்தான் போதும். அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது ஒரு குச்சியை மணலில் செருகிப் பாருங்கள். அந்த ஆழம் இறங்கவில்லை என்றால், மாநகராட்சித் தோட்டத் துறைக்கு எழுதிப் போடுங்கள்.