பக்கம் இல்லாதபோது எமுலேட்டர் ஏன் தடுமாறுகிறது?

பல்லேபொலவில் ஒரு மாணவி, சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலிக்கு எழுதிய நிரலைத் தன் மடிக்கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். சில்லு கையில் இருக்க வேண்டியதில்லை. சக்தி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளை மென்பொருளாலேயே நிறைவேற்றும் எமுலேட்டர் போதும். சிக்கல் நினைவகப் பிழையில்தான் வரும்.

நிரல் கேட்கும் பக்கம், அதாவது பெரும்பாலும் 4096 பைட் கொண்ட நினைவகத் துண்டு, அந்த நேரம் நினைவகத்தில் இல்லாதிருக்கலாம். இந்தப் பிழை அன்றாடம் நடப்பது. செயலி காரண எண்ணைக் குறித்து (வாசிப்புக்கு 13, எழுதுதலுக்கு 15) இயங்குதளத்தை அழைக்கும். அது பக்கத்தைக் கொண்டுவந்ததும் அதே கட்டளை மறுபடி ஓடும்.

ஆகவே பிழைபட்ட கட்டளை தொடங்கவேயில்லை என்பதுபோல எல்லாம் இருக்க வேண்டும். முகவரியை வைத்திருக்கும் பதிவகத்திலேயே விடையையும் இடச் சொல்லும் கட்டளையைப் பாருங்கள். பக்கம் இல்லாதபோது எமுலேட்டர் அவசரப்பட்டு அந்தப் பதிவகத்தில் பூச்சியத்தை எழுதிவிட்டால் முகவரியே தொலைந்தது. மறுமுறை எங்கே போய் வாசிப்பது? முதலில் தற்காலிக இடத்தில் வாசித்து, பிழையில்லை என்றான பிறகே பதிவகத்தில் எழுத வேண்டும்.

இதைவிட நுட்பமானது பக்க எல்லை. 4 பைட் வாசிப்பில் 2 முதற் பக்கத்திலும் 2 அடுத்ததிலும் விழுந்து, அடுத்தது மட்டும் இல்லையென்றால், பிழை நேர்ந்த இடமாக இயங்குதளத்துக்குத் தெரிவிக்க வேண்டியது இரண்டாம் பக்கத்தின் தொடக்க முகவரியை. தவறி வாசிப்பின் தொடக்கத்தைச் சொன்னால், இயங்குதளம் முதற் பக்கத்தைப் பார்த்து, “இருக்கிறதே” என்று திரும்பிவிடும். உடனே அதே பிழை, மீண்டும் மீண்டும்.