யார் சொன்னது? எங்கே கண்டது?

சித்திரை வருஷப்பிறப்பு நெருங்கும்போது யாழ்ப்பாணத்து வீடுகளில் தவறாது எழும் கேள்வி ஒன்றுண்டு. "வருஷம் எத்தனை மணிக்குப் பிறக்குது?" என்று இளையவர் ஒருவர் கேட்பார். வீட்டுப் பெரியவர் உடனே விடை சொல்லிவிட மாட்டார். "எந்தப் பஞ்சாங்கத்தின்படி கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேட்பார். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைச் சொல்லும்; திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தைச் சொல்லும். முன்னது, முன்னோர் வகுத்துத் தந்த வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது. பின்னது, வானத்தை அவதானித்துப் பெற்ற திருத்தங்களைச் சேர்த்துக் கணிப்பது. இரண்டும் பொய் சொல்லவில்லை. கணிக்கும் வழி வேறு, ஆகவே விடையும் வேறு. இந்த உண்மையை எழுத்தறியாத பாட்டியரும் அறிந்திருந்தனர்.

யாழ்ப்பாணத்தில் பெயர்பெற்ற இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் அச்சேறி வந்தது கொக்குவிற் சோதிடப்பிரகாச யந்திரசாலையிலிருந்து என்பதை நேயர்கள் அறிவர். அதே கொக்குவிலில் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அந்தப் பாட்டியின் கேள்வியோடு நெருங்கிய உறவுடையது. "எந்தப் பஞ்சாங்கத்தின்படி?" என்ற கேள்வியைக் கல்லூரி மாணவருக்கு முறையாகக் கற்பிப்பதையே இக்காலத்தவர் "தகவல் எழுத்தறிவு" என்கின்றனர்.

பெயர் புதிது, தேவை பழையது

இச்சொற்றொடரை 1974ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் முதன்முதலாக வழங்கியவர் போல் சுர்கோவ்ஸ்கி என்பவர். எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. வேண்டிய தகவல் எது என்று தெரிதல், அதைத் தேடிக் காணுதல், கண்டதன் தகுதியை ஆராய்தல், தகுந்ததை நேர்மையாகப் பயன்படுத்துதல் ஆகிய நான்கும் வேண்டும் என்பது இதன் சாரம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கத்தார் இதற்கென நியமங்களை வகுத்தனர். அதன்பின் நூலகரின் வேலையாக இருந்த இது, எழுத்துப் பயிற்சி வகுப்பு ஆசிரியரின் வேலையுமாயிற்று.

கொக்குவிற் சந்தியிலிருந்து ஆடியபாதம் வீதி வழியே கிழக்கே செல்வோர், 1978இல் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைக் காண்பர். தொழில்நுட்பக் கல்லூரியும் இவ்வூர்ப் பெயரோடு சேர்த்தே வழங்கப்படுகிறது. இங்கே பயிலும் பிள்ளைகள் கதையும் கவிதையும் எழுதப் போகின்றவர்கள் அல்லர். ஒருவர் நோயாளியின் குறிப்பை எழுதுவார். ஒருவர் கட்டடத்துக்கு மதிப்பீடு எழுதுவார். ஒருவர் கந்தோரில் அறிக்கை எழுதுவார். கதையிலே பிழை வந்தால் வாசகர் முகஞ்சுளிப்பதோடு போகும். மருந்தின் அளவிலே பிழை வந்தால் ஓர் உயிர் போகும். தொழில்சார் எழுத்துக்குத் தகவலின் தூய்மையே உயிர்நாடி என்பது இதனாலேயே.

பஞ்சகாலத்துப் பாடம்

இன்றைய மாணவருக்குத் தகவல் வெள்ளமாய்ப் பாய்கிறது. அவருடைய ஆசிரியர் காலத்திலோ கடும் பஞ்சம் நிலவிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. கடதாசியும் மண்ணெண்ணெயும் அருமையாயின. அந்நாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் பேராசிரியர் சுரேஷ் கனகராஜா. 1984 முதல் 1994 வரை இங்கு பணியாற்றிப் பின் அமெரிக்கா சென்ற அவர், தம் அநுபவத்தை ஆதாரமாகக் கொண்டு 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். உலக ஆராய்ச்சிச் சஞ்சிகைகள் விதிக்கும் எழுத்து விதிகள் எவருக்கு வசதியாக அமைந்துள்ளன என்பதே அந்நூலின் கேள்வி.

அவர் காட்டும் நிலைமையை எண்ணிப் பாருங்கள். "இத்துறையில் அண்மையில் வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துரைத்துவிட்டுக் கட்டுரையைத் தொடங்குக" என்று சஞ்சிகை கேட்கும். அண்மைச் சஞ்சிகை ஒன்றேனும் கடல் கடந்து வந்து சேராத ஊரில் இருப்பவர் எதை எடுத்துரைப்பார்? தட்டச்சிட்ட பிரதிகள் பல அனுப்புமாறு கேட்பார்கள். விளக்கொளியில், கிடைத்த கடதாசியில் எழுதுபவருக்கு அது எளிதா? அறிவு குறைந்ததனால் அன்று, தாளும் தபாலும் குறைந்ததனால் அறிஞர் ஊமையாயினர். தகவல் என்பது எல்லார்க்கும் சமமாகக் கிடைக்கும் காற்றன்று. அதற்கும் வாயிலும் காவலும் உண்டு என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

அதே பேராசிரியர் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்று இன்னும் சுவையானது. அமெரிக்காவில் அச்சிட்ட ஆங்கிலப் பாடநூலைக் கையில் வைத்திருந்த முதலாம் ஆண்டு மாணவர், வகுப்பிலே வாய்திறவாது இருந்தனர். ஆயின் அந்நூலின் ஓரங்களைப் பார்த்தபோது, அங்கே படங்களும் கிண்டலும் தமிழ்க் குறிப்புகளும் நிறைந்திருந்தன. வாய் பேசாவிடினும் பென்சில் பேசியிருக்கிறது. பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்பிலே அவர், தாம் எழுத்துக் கற்ற வரலாற்றை மாணவரை எழுதச் செய்து, அவ்வரைவை இணையத்தில் இட்டு, ஏனைய மாணவரும் ஆசிரியரும் குறிப்பெழுத, எழுதியவர் விடை கூறித் திருத்தும் முறையைக் கையாண்டார். ஒளிந்திருந்த ஓரக் குறிப்பு அங்கே பாடத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. "இடைவினைத் தொழில்நுட்பம்" என்று பெரிய பெயரிட்டு அழைப்பதன் பயன் இதுவே: எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே ஏட்டில் உரையாடலாம்.

வெள்ளத்திலே நீந்துதல்

பஞ்சம் நீங்கிய கதையையும் சொல்லவேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிற்று. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய "நூலகம்" ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வடிவிலே காத்து வருகிறது. எரிந்த நூலகத்தின் துயரை அறிந்த சமூகம் எடுத்த முயற்சி அது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: படமாகவே பதிந்த பக்கத்தின் உள்ளே கிடக்கும் சொல்லைத் தேடுபொறி எளிதிற் காணாது. "இணையத்தில் தேடினேன், இல்லை" என்பது "உலகிலேயே இல்லை" என்பதற்குச் சமமாகாது. இதை மாணவர் முதல் நாளிலேயே கற்கவேண்டும்.

கிடைத்ததை எடைபோடுவது எவ்வாறு? 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் தாம் நடத்திய ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். வரலாற்றுப் பேராசிரியர் 10 பேர், பத்திரிகைகளில் உண்மை சரிபார்ப்போர் 10 பேர், மாணவர் 25 பேர் ஆகியோரிடம் சில இணையத்தளங்களைக் காட்டி, இவை நம்பத்தக்கனவா என்று கேட்டனர். பெயரால் ஒத்த இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகள் அவற்றுள் இருந்தன. ஒன்று பெரிய தொழில்சார் அமைப்பு; மற்றது அதினின்று பிரிந்த சிறு குழு. மாணவரும், பேராசிரியர் சிலருங்கூட, பக்கத்தின் அழகையும் பெயரின் கம்பீரத்தையும் கண்டு தடுமாறினர். சரிபார்ப்போரோ அப்பக்கத்திலே நெடுநேரம் தங்கவில்லை. உடனே வெளியேறி, "இவர்களைப் பற்றிப் பிறர் என்ன சொல்கின்றனர்?" என்று வேறிடங்களில் தேடினர், விரைவிலே உண்மையைக் கண்டனர். சம்பந்தம் பேசுமுன் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அவர்களிடமே விசாரிப்பாருண்டா? அயலிலே அன்றோ விசாரிப்போம்!

யந்திரம் சொன்ன விடை

2022 நவம்பருக்குப் பின் விஷயம் மேலும் சிக்கலாயிற்று. கேட்ட கேள்விக்கு நல்ல நடையிலே விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு யாவர் கைத்தொலைபேசியிலும் புகுந்துவிட்டது. அது எண்ணற்ற எழுத்துகளைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து எழுதுவது. ஆகவே, உண்மையை எழுதும் அதே சரளத்தோடு இல்லாததையும் எழுதிவிடும். 2023இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர் இருவர், இவ்வாறு யந்திரம் கற்பித்துத் தந்த முன்வழக்குகளை நீதிமன்றத்திலே சமர்ப்பித்தனர். அவ்வழக்குகள் நடந்தனவே அல்ல. "இவை உண்மையா?" என்று யந்திரத்தையே கேட்க, "ஆம்" என்றது அது! நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். கற்றறிந்த வழக்கறிஞருக்கே இக்கதியானால் கல்லூரி மாணவர் கதி என்ன?

இதற்காக யந்திரத்தைத் தடைசெய்வது பரிகாரமன்று. வகுப்பிலே மறுத்தால் விடுதியிலே திறப்பார்கள். வகுப்பின் நடுவிலே வைத்துக் குறுக்கு விசாரணை செய்யப் பழக்குவதே தக்கது என்பது எமது அபிப்பிராயம்.

ஒரு கிணற்றின் கதை

எவ்வாறு பழக்குவது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். குடிநீர் நிலத்தடியிலிருந்தே வருகிறது. தோட்டத்துக்கு இடும் உரத்திலுள்ள நைத்திரேற்று மண்ணினூடே இறங்கிக் கிணற்றைச் சேர்வது நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் பிரச்சினை. அது மிகுந்தால் புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. "எம் ஊர்க் கிணற்றுநீர் பாதுகாப்பானதா?" என்று மாணவர் ஓர் அறிக்கை எழுதட்டும்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று எல்லை வகுத்திருக்கிறது. சில ஆய்வுகூடங்களோ நைத்திரேற்றிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு எழுதும். அவ்வாறு கணக்கிட்டால் அதே எல்லை ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆகிறது. ஒரு கிணற்றின் சோதனைத்தாளில் நைதரசன் 15 என்றிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவசரக்கார மாணவர் அதை 50உடன் ஒப்பிட்டு, "பயமில்லை, குடிக்கலாம்" என்று எழுதிவிடுவார். உண்மையில் அந்த 15, நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் 66 ஆகும்; எல்லையைத் தாண்டிவிட்டது! இலக்கணப் பிழை ஒன்றுமில்லாத அழகிய அறிக்கை, ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடிவிடும். இரண்டு பஞ்சாங்கத்துக் கதை இங்கே கிணற்றடியில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

ஆசிரியர் செய்யத்தக்கது இதுவே. ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேடு வைத்து, எடுத்த ஒவ்வொரு தகவலுக்கும் யார் சொன்னது, எப்போது சொன்னது, எவ்வாறு அளந்தது, எதற்காகச் சொன்னது என்று நான்கு வரி எழுதவேண்டும். வரைவைப் பொதுத் திரையில் இட்டு மூன்று சகமாணவர் ஓரக் குறிப்பு எழுதவேண்டும். யந்திரத்திடம் பெற்ற விடையையும் கொணர்ந்து, வரிவரியாக ஆதாரம் தேடவேண்டும். ஆதாரம் இல்லாத வரியை அடிக்கவேண்டும். ஈற்றில் ஒரே செய்தியை இருவகையாக எழுதவேண்டும்: அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை, கிணற்றுக்குரியவருக்குத் தெளிந்த தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம். இரண்டாவதே கடினம் என்பதை எழுதத் தொடங்கியதும் உணர்வார்கள்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் நல்ல பயிற்சிக்களம். அதை வளர்த்தவருள் முதல்வரான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். அங்கே ஒவ்வொரு கட்டுரையின் பின்னும் யார் எதை மாற்றினார் என்ற வரலாறும், ஏன் மாற்றினார் என்ற உரையாடலும் திறந்தே கிடக்கின்றன. மாணவர் தம் ஊரைப்பற்றி ஆதாரத்தோடு பத்து வரி எழுதினால், முன்பின் அறியாதவர் வந்து "சான்று எங்கே?" என்று கேட்பார். மதிப்பெண்ணுக்காக எழுதும் கட்டுரையிற் கிடைக்காத கூச்சமும் கவனமும் அப்போது பிறக்கும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இவற்றுக்கு இடையூறுகள் உண்டு. எல்லாப் பிள்ளைகளிடமும் கணினி இல்லை. நூறு வரைவைத் திருத்த ஆசிரியருக்கு நேரமில்லை. இணையத்தில் ஆங்கிலம் மலைபோலவும் தமிழ் மடுப்போலவும் இருப்பதால், எமது ஊர் விஷயங்களில் யந்திரம் கூடுதலாகத் தடுமாறும். ஆயினும் குறிப்பேட்டுக்கும் பென்சிலுக்கும் பெருஞ்செலவில்லை. கனகராஜா காலத்து மாணவரிடம் இருந்தவை அவையே.

வீட்டில் இருப்போர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பிள்ளை கைத்தொலைபேசியைக் காட்டி ஒரு செய்தி சொல்லும்போது, வியக்கவும் வேண்டாம், கடியவும் வேண்டாம். சித்திரை வருஷப்பிறப்பன்று பாட்டி கேட்ட அதே தொனியில், "யார் சொன்னது, மோனை? எங்கே கண்டாய்?" என்று கேளுங்கள். விடை தேடிப் பிள்ளை எழுந்து போனால், அறிவின் வாயிலில் அது கால்வைத்துவிட்டது என்று நம்பலாம்.