மூக்கால் பேசத் தெரிந்த பிள்ளைகள்

ஓசூர் ரோட்டில் சில்க் போர்டைத் தாண்டினால் பொம்மனஹள்ளி. கார்மெண்ட்ஸ் ஃபாக்டரிகளும் ஐ.டி. கம்பெனிக்காரர்களின் அபார்ட்மெண்டுகளும் நெருக்கியடித்து நிற்கும் இடம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோவும் வந்துவிட்டது. இங்கே வளரும் தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், லிஃப்டில் இந்தி. இதற்கு மேல் பிரெஞ்சும் வந்து உட்கார்ந்தால் பிள்ளை தாங்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான்.

தாங்கும். பிரெஞ்சுக்கு வேண்டிய சரக்கில் ஒரு பங்கு அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாடத்தை ஆங்கிலம் வழியாகவே சுற்றிக் கொண்டுவருவதால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

'போன்' என்றால் பிரெஞ்சில் நல்லது. கடைசி 'ன்' எழுத்தில் இருக்கும், வாயில் இருக்காது. நாக்கு எங்கும் ஒட்டாமல் ஒலி மூக்கு வழியே போய்விடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது பெரும்பாடு. தமிழ்ப் பிள்ளை 'அவன் வந்தான்' என்பதை வீட்டில் எப்படிச் சொல்கிறது என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். 'ன்' கரைந்து மூக்கொலி மட்டும் மிஞ்சும். 'மரம்' என்பதும் அப்படித்தான். டீச்சர் இதைச் சுட்டிக்காட்டினால் 'போன்' அங்கேயே வசப்பட்டுவிடும்.

மேஜைக்கு ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் ஒரே எழுத்துக்கள்தான். ஆங்கிலத்தில் 'டேபிள்', பிரெஞ்சில் 'தாப்ல்', நம் 'த' போலவே நாக்கு பல்லைத் தொடும். தோழியை 'த்யூ', டீச்சரை 'வூ' என்று பிரித்துச் சொல்வதற்கும் விளக்கவுரை தேவையில்லை. 'நீ', 'நீங்க' தெரிந்த குழந்தை அது. கன்னடத்தில் 'நீனு', 'நீவு' என்றும் கேட்டிருக்கும். 'யூ' ஒன்றையே வைத்துக்கொண்டிருக்கும் ஆங்கிலத்தின் வழியே இதை விளக்குவானேன்?

எல்லாமே இவ்வளவு சுலபமில்லை. 'த்யூ'வில் வரும் உயிர் தமிழில் கிடையாது. 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். (பெரியவர்கள் கூச்சப்படுவார்கள், பிள்ளைகளுக்கு இது விளையாட்டு.) அடுத்தது ஆண்பால், பெண்பால். அஃறிணை என்று நாம் ஒதுக்கி வைத்த மேஜை பிரெஞ்சில் பெண், புத்தகம் ஆண். இந்தியில் புத்தகம் பெண். அதனால் அந்த வழியும் கைகொடுக்காது. 'லா தாப்ல்', 'ல லீவ்ர்' என்று பாலைக் காட்டும் முன்சொல்லோடு சேர்த்தே வாயில் ஏற்றுவதுதான் ஒரே வழி. எண்களோ தனிக்கதை: 80 என்பது 'நாலு இருபது', 99 என்பது 'நாலு இருபது பத்து ஒன்பது'. வாய்ப்பாடு படிக்கும் வயதில் இது ஒரு புதிராகப் பிடித்துப்போவதும் உண்டு.

நேரம்தான் பெரிய தடை. வாரம் இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிஷம், வருஷம் 36 வாரம் என்று வைத்தால் மொத்தம் 48 மணி. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் மூன்று நாலு நாள்! கனடாவில் செயின்ட் லாம்பெர்ட் ஊர்ப் பெற்றோர் 1965இல் கேட்டு வாங்கிய திட்டத்தில் மழலை வகுப்பு முழுக்கப் பிரெஞ்சிலேயே நடந்தது. அப்படியொரு திட்டத்தின் பலனை 48 மணி நேரத்திடம் எதிர்பார்க்க முடியாது. பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர் ஆங்கிலம் கற்ற மாணவர்களை ஆராய்ந்தபோது, அதே அளவு மணி நேரத்தில் தாமதமாகத் தொடங்கியவர்களே முந்தியிருந்தார்கள். சின்ன வயதில் தொடங்கினால் எல்லாம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையை இது கொஞ்சம் அசைக்கிறது.

சட்டமும் இடம் குறைக்கிறது. கர்நாடகத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. 2020 தேசியக் கல்விக் கொள்கை அயல்மொழிகளை உயர்நிலை வகுப்புகளில்தான் வைக்கிறது. எனவே ஆரம்ப வகுப்பில் பிரெஞ்சுக்கு நெருக்கடி இல்லாத ஓரத்து இடமே பொருத்தம். தேர்வு வேண்டும் என்பவர்களுக்கு 7 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கென்றே 'டெல்ஃப் ப்ரிம்' இருக்கிறது.

எழுத்தையும் அவசரமாகத் திணிக்க வேண்டாம். தண்ணீருக்கான பிரெஞ்சுச் சொல்லில் மூன்று எழுத்து; மூன்றும் சேர்ந்து ஒலிப்பது வெறும் 'ஓ'. இதை முதலில் நோட்டில் எழுதவைத்தால் பிள்ளை மிரளும். 'த லோ, சில் வூ ப்ளே' (தண்ணீர், தயவுசெய்து) என்று கேட்டால்தான் தண்ணீர் பாட்டிலைத் தொடலாம் என்று டீச்சர் ஒரு விதி வைத்துப் பார்க்கட்டும். அந்த பீரியட் முழுக்க ஒருவர் விடாமல் எல்லாருக்கும் தாகம் எடுக்கும்.