பனகல் பூங்காவும் உஸ்மான் சாலையும்

பெருநாள் நெருங்கிவிட்டால், களமருதூர், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களிலிருந்தும் துணிமணி எடுக்கச் சென்னை தியாகராய நகருக்குச் செல்லும் குடும்பங்கள் உண்டு. வாசகர்களே! அங்கே உஸ்மான் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கியிருப்பீர்கள். பனகல் பூங்காவையும் கடந்து சென்றிருப்பீர்கள். இவ்விரு பெயர்களுக்கும் உரியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இன்று கடைகள் நிறைந்திருக்கும் அந்நகரின் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது. மாம்பலம் ஏரியை வற்றச் செய்து, 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது நகரை அமைத்தார்கள். கட்சியின் நிறுவனர்களுள் ஒருவரான தியாகராயச் செட்டியாரின் பெயரை நகருக்கும், அக்கட்சித் தலைவர்களின் பெயர்களைச் சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் சூட்டினார்கள்.

பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். அரசுப் பணிகளில் முஸ்லிம்கள் உள்ளிட்ட பல சமூகத்தாருக்கும் இடமளிக்க வகைசெய்யும் வகுப்புவாரி ஆணை 1921இல் அவரது ஆட்சியில்தான் பிறந்தது. 1928இல் மறைந்த அவருக்கு அப்பூங்காவில் சிலை எழுப்பப்பட்டது.

சாலைக்குப் பெயர் தந்தவர் மர்ஹூம் சர் முஹம்மது உஸ்மான். நாட்டு மருத்துவ முறைகளை ஆராய 1921இல் அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1923இல் குழு அறிக்கை அளித்தது. அதன் பயனாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றும் அங்கே ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்பட்டன. 1934இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் உஸ்மான் பொறுப்பேற்றார். அப்பதவியை வகித்த முதல் இந்தியர் அவரே.

சிலை வைத்துச் சிறப்பிப்பது நம் மார்க்க வழக்கமன்று. ஆனால், நன்மை செய்தவரை மறப்பதும் நம் பண்பன்று. உஸ்மானின் பெயர் தங்க நகை, பட்டுப்புடவை விளம்பரங்களில் நாள்தோறும் முகவரியாக வருகிறது. படிப்பவருள் எத்தனை பேருக்கு அவர் ஒரு மனிதர் என்பது தெரியும்?

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில், பனகல் பூங்கா என்னும் பெயரிலேயே சுரங்க நிலையம் அமைக்கத் திட்டமிட்டு, அதற்காகப் பூங்கா நிலத்திலும் ஒரு பகுதியை எடுத்தார்கள். ஏரி போய் நகர் வந்தது. நகருக்கு எஞ்சிய பசுமையும் குறைந்துவிட்டால், நிழல் தேடி வருபவர் எங்கே அமர்வர்? மரம் நட்டு, அதன் பயனை மனிதரோ பறவையோ விலங்கோ அடைந்தால் அது தர்மம் என்று நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பூங்காவைக் காப்பதும் அத்தகைய தர்மமே.

அடுத்த பெருநாளுக்குத் துணி எடுக்கச் செல்லும்போது, பிள்ளைகளை அங்கே சற்று நிறுத்தி, இந்த இருவரின் கதையையும் சொல்லுங்கள். பெயர்ப்பலகை பெயரை மட்டுமே காக்கும்; அந்தப் பெயருக்குப் பின்னுள்ள பணியைப் பெற்றோரின் வாய்ச்சொல்தான் காக்க முடியும்.